நூலகத்துப் பக்கம் நல்ல காற்று

சலாத்திகா,
வெள்ளிக்கிழமை, மழை விட்ட பிற்பகல்.

மதிப்பிற்குரிய லாயே பார்லிண்டுங்கான் அவர்களுக்கு,

என் தங்கை தார்மியின் கணவர் என்ற முறையில் உங்களைத் தம்பி என்று எழுதவே கை வருகிறது. ஆனால் மைத்துனரை 'லாயே' என்றுதான் அழைக்கவேண்டும் என்று நீங்கள் கல்யாணப் பந்தலிலேயே மேசையைத் தட்டிச் சொன்னதால் அப்படியே எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். நீங்கள் வயிறு நிறைந்து, வேறு வேலை எதுவும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு நல்ல வேளையில் இக்கடிதம் உங்கள் கைக்கு வரவேண்டும் என்று வேண்டுகிறேன். இங்கே நானும் என் மனைவி குஸ்தினாவும் உடம்பால் சௌக்கியம். மனதால் குஸ்தினா மட்டும் சௌக்கியம்.

இதைத் தொலைபேசியில் கேட்டிருக்கலாமே என்று நீங்கள் மேடானிலிருந்து கத்துவது எனக்கு இப்போதே கேட்கிறது. தொலைபேசியில் உங்கள் குரலைக் கேட்டால் எனக்குச் 'சரிங்க' என்பதைத் தவிர வேறு சொல் வருவதில்லை. போன முறை எதற்கெல்லாம் சரிங்க சொன்னேன் என்று தெரியாது. அடுத்த வாரம் ஒரு கூடை துரியான் பழம் வந்து இறங்கியது. குஸ்தினாவுக்கு அந்த வாசனை ஆகாது. அதைத் தெருக்கோடிவரை கொண்டுபோய் விநியோகிக்க வேண்டியதாயிற்று. ஆகவே எழுதிக் கேட்கிறேன். கேள்வி ஒன்றுதான்: என்னை வகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்களா, இல்லையா? என் கல்லூரியில் நடந்ததுதான், என்னிடமே சொன்னதுதான். ஆனாலும் எனக்குத் தெரியவில்லை. மனதில் இருப்பதை அப்படியே வாயில் கொண்டுவரும் மனிதர் நம் குடும்பத்தில் நீங்கள் ஒருவர்தான். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். படித்துவிட்டு ஒரு சொல்லில் பதில் சொல்லுங்கள்.

நான் பொறியியல் மாணவர்களுக்கு நீரின் அழுத்தமும் ஓட்டமும் நடத்துகிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம். இத்தனை காலத்தில் என் வகுப்பில் எந்த மாணவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. பாடம் முடிந்ததும் "புரிஞ்சுதா?" என்பேன். "புரிஞ்சுதுங்க பாக்" என்று, அந்த 'ஐயா'வையும் விடாமல், கோயில் மணிபோல ஒரே குரலில் சொல்வார்கள். தேர்வுத் தாளைத் திருத்தும்போது எதுவும் புரியவில்லை என்பது தெரியும். கரும்பலகையில் எழுத்தைப் பெரிதாக்கினேன். வீட்டிலிருந்து குழாயும் வாளியும் கொண்டுபோய் நடத்தினேன். குழாயைப் பார்த்தும் "புரிஞ்சுதுங்க பாக்" என்றார்கள். ஓய்வுபெற்றுப் போவதற்குள் ஒரு பிள்ளையாவது என்னிடம் ஏதாவது கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. இந்த வயதில் இப்படி ஓர் ஆசை முறையா என்று தெரியவில்லை. ஆசிரியர்களின் கற்பிக்கும் திறனை மேம்படுத்த ஒரு பயிற்சி நடக்கப்போகிறது என்று கல்லூரியில் அறிவித்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தது அதனால்தான். பயிற்சி முடிந்ததும் ஒவ்வொருவர் வகுப்பையும் வந்து பார்ப்பார்கள், பார்த்துத் திருப்தி அடையாவிட்டால் அடுத்த பருவத்தில் வகுப்பு கிடையாது என்பதை அறிவிப்பின் அடியில் மிகவும் பணிவான சொற்களில் போட்டிருந்தார்கள். இரண்டாம் முறை படித்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. அதற்குள் பெயர் கொடுத்தாயிற்று.

பயிற்சி மெர்பாபு மலையடிவாரத்தில் ஒரு விடுதியில் நடந்தது. தலைநகரிலிருந்து கிலாங் என்ற இளைஞர் காதோடு ஒட்டிய ஒலிவாங்கியுடன் வந்திருந்தார். முதலில் எங்களைக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரு முழக்கம் கட்டி, கையை உயர்த்திக் கத்தவேண்டும் என்றார். என்னைப் 'புலி' என்ற குழுவில் போட்டார்கள். என் பக்கத்தில் நின்ற புலி கணக்கியல் துறைப் பாக் தர்சோனோ. அவருக்கு முழங்கால் வலி. "பாக், உங்க குரல் எனக்குக் கேக்கவே இல்லையே! புலி எப்படிப் பாக் உறுமும்?" என்று கிலாங் என்னிடம் ஒரு கை ஒலிவாங்கியை நீட்டினார். "மன்னிக்கணும், புலிக்கு இடைஞ்சல் ஆகலைன்னா நான் பின்வரிசையில நிக்கிறேன்" என்றேன். அரங்கமே சிரித்தது. நான் அதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

சோற்றுப்பெட்டி கொடுத்து முடிந்ததும் கிலாங் முக்கியமான விஷயத்துக்கு வந்தார். "நாம எல்லாரும் செய்யிற தப்பு என்ன தெரியுமா? கேள்வியும் நாமே கேக்குறோம், பதிலும் நாமே சொல்லிடுறோம். இனிமே கேளுங்க. கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டுக் காத்திருங்க. ஒரு பிள்ளை வாயைத் திறக்குற வரைக்கும் நீங்க வாயைத் திறக்கக் கூடாது. புரிஞ்சுதா?" என்றார். நாங்கள் எல்லாரும் "புரிஞ்சுதுங்க" என்றோம். "யாருக்காவது கேள்வி இருக்கா?" என்றார். இருந்தது. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று கேட்க நினைத்தேன். எல்லாருக்கும் தெரிந்திருக்கும்போது நான் மட்டும் கேட்டு அவர் நேரத்தை வீணாக்குவானேன் என்று விட்டுவிட்டேன். பேருந்தில் திரும்பும்போது பாக் தர்சோனோவிடம் மெல்ல விசாரித்தேன். "நானும் அதைத்தான் உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்" என்றார்.

என் வகுப்பைப் பார்க்கக் கல்லூரி முதல்வர் இபு ரெத்னானி அம்மாளும் கிலாங்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். நான் முறைப்படி தொடங்கினேன். "இரண்டு பீப்பாய்கள். ஒன்று பருத்தது, ஒன்று ஒல்லியானது. இரண்டிலும் தண்ணீர் ஒரே உயரம். அடியில் ஒரே அளவு ஓட்டை. எதிலிருந்து தண்ணீர் வேகமாகப் பீச்சும்?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

லாயே, அதற்குப் பிறகு அந்த அறையில் யாரும் பேசவில்லை. மாணவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முதல்வர் உட்கார்ந்திருக்கையில், ஆசிரியர் நின்றுகொண்டிருக்கையில், நண்பர்களை முந்திக்கொண்டு பதில் சொல்வது எப்பேர்ப்பட்ட அதிகப்பிரசங்கித்தனம் என்பது எந்தப் பிள்ளைக்கும் தெரியும். நான் காத்திருந்தேன். சுவரில் பல்லி ஒன்று பூச்சியை நோக்கிப் போய், மனம் மாறித் திரும்பியது. முதல்வருக்குத் தேநீர் வந்தது. ஆவி அடங்கி ஆறியது. என் மௌனத்தைக் கலைப்பது வயதுக்குச் செய்யும் அவமரியாதை என்று அவர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். கிலாங் தலைநகர்க்காரர், அவரால் தாங்க முடியவில்லை என்பது அவர் கால் ஆடியதிலேயே தெரிந்தது. ஆனால் விதியைச் சொன்னவரே அவர். அவர் எப்படி வாயைத் திறப்பார்? முகம் சிவந்து, பிறகு வெளுத்து, கடைசியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். முன்வரிசையில் பாகஸ் என்ற பையன் மூக்கை உறிஞ்சினான். அதைப் பார்த்து இன்னும் சிலர் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு பீப்பாய்க்கு ஏன் அழுகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. பேசவோ கூடாது. மணி அடித்தது. பிள்ளைகள் வரிசையாக வந்து என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டார்கள். எப்போதும் செய்வதுதான், ஆனால் அன்றைக்குக் கையை விடவே இல்லை. கடைசியாக வந்த பிரமெஸ்தி என்ற பெண், "தைரியமா இருங்க பாக். நாங்க எல்லாரும் வேண்டிக்கிறோம்" என்றாள். பீப்பாய்க்காகவா என்று கேட்கத் தோன்றியது. "சரிங்க" என்றேன்.

மறுநாள் நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அந்த வகுப்பு முழுக்க மோட்டார் சைக்கிள்களில் வந்து வாசலில் இறங்கியிருக்கிறது. கையில் பிஸ்கட் டின்கள், ஆரஞ்சு, ஒரு சீப்பு வாழைப்பழம். குஸ்தினா கதவைத் திறந்ததும் பாகஸின் கையிலிருந்த டின் தரையில் விழுந்து உருண்டது. பிரமெஸ்தி குஸ்தினாவைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு "இபு நல்லா இருக்கீங்களா? நெசமாவே நல்லா இருக்கீங்களா?" என்றாளாம். "எனக்கென்ன கேடு, இடுப்புதான் கொஞ்சம் பிடிச்சிருக்கு" என்றிருக்கிறாள் இவள். அதற்கும் ஒருத்தி அழுதிருக்கிறாள். எதற்கு வந்தோம் என்று அவர்களும் சொல்லவில்லை. எதற்கு வந்தீர்கள் என்று இவளும் கேட்கவில்லை, வந்தவர்களை அப்படிக் கேட்பது நன்றாகவா இருக்கும்? மரவள்ளிக்கிழங்கு பொரித்துக் கொடுத்து, மழையைப் பற்றிப் பேசி, நெடுநேரம் இருந்துவிட்டுப் போனார்கள்.

நான் வந்ததும் குஸ்தினா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, உங்க பிள்ளைங்க என்னைப் பார்த்து எதுக்கு அழுவுதுங்க?"

"வகுப்பில கொஞ்ச நேரம் பேசாம நின்னேன்."

"பேசாம நின்னா?"

"பயிற்சியில அப்படித்தான் சொன்னாங்க."

அவள் பிஸ்கட் டின்களைப் பார்த்தாள், வாழைப்பழத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "அப்போ சோகத்துல வாயடைச்சு நிக்கிறீங்கன்னு நினைச்சு, நான் செத்துட்டேன்னு துக்கம் விசாரிக்க வந்திருக்குதுங்க! நானே அதுங்களுக்குக் கிழங்கு பொரிச்சுப் போட்டிருக்கேன்!" என்றாள். அவள் செமாராங் கடற்கரைப் பெண், சட்டென்று புரிந்துகொள்வாள். பிஸ்கட்டைத் திருப்பிக் கொடுப்பதா, வைத்துக்கொள்வதா என்று நான் கேட்டேன். "எனக்கு வந்தது, நான்தான் தின்பேன்" என்று சொல்லி ஒரு டின்னைத் திறந்துவிட்டாள்.

இனிதான் முக்கியமான கட்டம். நேற்று முதல்வர் என்னை அறைக்கு அழைத்தார். தேநீர், என் பேரன், அவருடைய ஆர்க்கிட் செடிகள் எல்லாம் ஆன பிறகு நடந்த பேச்சை ஒரு சொல் விடாமல் எழுதுகிறேன்.

"பாக் பிரயித்னோ, உங்களை மாதிரி ஒருத்தர் கிடைச்சது எங்க பாக்கியம்."

"சரிங்க."

"உங்க வகுப்பறை ரொம்பப் புழுக்கமா இருக்குல்ல? அன்னிக்கு உக்காந்திருந்தப்ப பார்த்தேன்."

"சரிங்க."

"நூலகத்துப் பக்கம் பாருங்க, நல்ல காத்து வருது."

"சரிங்க."

"நம்ம வெனிங் இருக்கே, புதுசா பாடம் நடத்தச் சேந்த பொண்ணு. நிறையக் கத்துக்கணும்னு துடிக்குது. உங்க மேல அவ்வளவு மரியாதை அதுக்கு."

"சரிங்க."

"அவசரமே இல்ல பாக். உங்க மனசுக்கு எப்படித் தோணுதோ அதான் எங்களுக்கும்."

"சரிங்க" என்றேன். அவர் எழுந்து இரண்டு கையாலும் ஒரு கடலை மிட்டாய்ப் பொட்டலம் கொடுத்தார். நானும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பின்புறமாகவே நடந்து வெளியே வந்து கதவைச் சாத்தினேன். என்ன முடிவாயிற்று என்று வராந்தாவில் நின்று யோசித்தபோது எனக்கே தெரியவில்லை. மிட்டாய் வாழ்த்துக்கா, வழியனுப்பவா? குஸ்தினாவிடம் சொன்னேன். "காத்து நல்லா வருதுன்னா வெளியில போய் உக்காருன்னு அர்த்தம். உங்களைத் தூக்கிட்டாங்க. இதுக்கு ஒரு பயிற்சி வேற" என்றாள். பாக் தர்சோனோவிடம் கேட்டேன். "அடடா, நூலகத்துல தனி அறை கொடுக்கிறாங்க! அந்தப் பொண்ணுக்கு நீங்க குரு. பெரிய மரியாதை பாக், விருந்து எப்போ?" என்று என் முதுகில் தட்டினார். ஒருவேளை முதல்வர் காற்றைப் பற்றி மட்டுமே பேசியிருக்கலாம் என்றும் எனக்கு ஒரு சந்தேகம். அதனால் இன்று காலை நூலகத்துப் பக்கம் போய் நின்று பார்த்தேன். காற்று நன்றாகத்தான் வருகிறது. ஆகவே அந்த வாக்கியத்தில் பொய் இல்லை என்பதுவரை உறுதி. அதற்கு மேல் என் அறிவு போகவில்லை.

திங்கட்கிழமை புதிய பருவம் தொடங்குகிறது. அந்த அறைக்கு நான் போகலாமா என்று தெரியவில்லை. போனால், எடுத்த பிறகும் வந்து நிற்கிறானே கிழவன் என்று ஆகும். போகாவிட்டால், கொடுத்த வகுப்பையும் உதறிவிட்டான் என்று ஆகும். முதல்வரிடமே திரும்பிப் போய்க் கேட்கலாம் என்பீர்கள். அவர் அவ்வளவு பக்குவமாகச் சொன்னதை 'எனக்குப் புரியவில்லை' என்றால், அவர் சரியாகச் சொல்லவில்லை என்று நானே குற்றம் சாட்டியது போல ஆகாதா? ஆகவே லாயே, உங்கள் காலைத் தொடாத குறையாகக் கேட்கிறேன்: தனித்தாளில் முதல்வரின் எண்ணை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். உங்கள் வழக்கமான குரலில் அழைத்து, "என் மைத்துனருக்கு வகுப்பு இருக்கா, இல்லையா?" என்று கேட்டுவிடுங்கள். நான் சொல்லி அழைப்பதாகத் தெரியவேண்டாம். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டால்... கேட்கமாட்டார். எங்கள் ஊரில் அப்படிக் கேட்பது வழக்கமில்லை.

தார்மிக்கு என் ஆசி. பிள்ளைகளுக்கு முத்தங்கள். உங்கள் வீட்டு அடுப்பும் உங்கள் குரலும் என்றும் அணையாதிருக்க இறைவன் அருளட்டும். இவ்வளவு நீளமாக எழுதி உங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கும், குறைவாக எழுதிச் சொல்லாமல் விட்டதற்கும் மன்னிப்புக் கோரி முடிக்கிறேன்.

தங்கள் பணிவுள்ள,
பிரயித்னோ

பின்குறிப்பு (திங்கட்கிழமை மாலை): இக்கடிதம் இன்னும் என்னிடமே இருக்கிறது. சனிக்கிழமை அஞ்சலகத்துக்குப் போனேன். வரிசையில் பின்னால் நின்றவர்களை எல்லாம் "நீங்க முதல்ல போங்க" என்று முன்னால் விட்டதில், என் முறை வருவதற்குள் சாளரத்தைச் சாத்திவிட்டார்கள். அது நல்லதாகப் போயிற்று.

இன்று காலை, வகுப்புக்கு முன்னால் போய் நின்று மட்டும் பார்ப்போம் என்று போனேன். கதவுக்கு அந்தப் பக்கத்தில் வெனிங் நின்றுகொண்டிருந்தாள். அவளையும் முதல்வர் அழைத்து, பெரியவர்கள் பக்கத்தில் இருந்தால் நிறையக் கற்கலாம், ஆறாம் அறையில், அதாவது என் வகுப்பறையில், வெளிச்சம் நன்றாக வருகிறது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். வகுப்பைக் கொடுத்தாரா, என்னுடன் இருக்கச் சொன்னாரா என்று அவளுக்கும் தெரியவில்லை. அவளும் சரிங்க என்றுதான் சொல்லியிருக்கிறாள்.

"நீங்க முதல்ல போங்க பாக்."

"இல்லம்மா, நீங்க போங்க."

"ஐயோ, உங்களுக்கு முன்னாடி நான் எப்படிப் பாக்?"

"என்னைப் பத்தி யோசிக்காதீங்க. நான் சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

இப்படியே போயிருக்கும். உள்ளேயிருந்து பாகஸ், "பாக், இபு, கதவைச் சாத்திடட்டுங்களா? கொசு வருது" என்றான். வேறு வழியில்லாமல் இருவரும் சேர்ந்தே நுழைந்தோம். கதவு குறுகல், என் தோள் நிலையில் இடித்துக்கொண்டது. உள்ளே ஒரு நாற்காலிதான். இருவரும் உட்காரவில்லை. என் வற்புறுத்தலால் வெனிங்தான் கேள்வி கேட்டாள்: குளத்தில் கல் ஏற்றிய ஒரு படகு, கல்லைத் தூக்கித் தண்ணீரில் போட்டுவிட்டால் குளத்தின் நீர்மட்டம் என்ன ஆகும்? கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அவளும் அதே பயிற்சிக்குப் போனவள். பிள்ளைகள் தலையைக் குனிந்தார்கள். மறுபடியும் பிஸ்கட் டின்களோடு வீட்டுக்கு வந்துவிடுவார்களோ என்று எனக்குப் பகீரென்றது. அந்தப் பயத்தில் "நீர்மட்டம் உயரும்" என்று நானே சொல்லிவிட்டேன்.

சொன்ன கணமே தப்பு என்று தெரிந்துவிட்டது. காது இரண்டும் சுட்டன. வெனிங் என்னைத் திருத்துவாளா? "அப்படியும் பாக்கலாம் பாக்" என்றாள் தரையைப் பார்த்து. அப்போது பிரமெஸ்தி கையைப் பாதி உயர்த்தினாள். "மன்னிக்கணும் பாக். இறங்கும்னு நினைக்கிறேன்."

"எப்படி இறங்கும்? கல்லை உள்ளதான போடுறாங்க?" என்று பாகஸ் திரும்பினான்.

"படகுல இருந்தப்போ கல்லு தன் எடைக்குச் சமமாத் தண்ணியத் தள்ளுச்சு. முங்கினப்புறம் தன் பருமனுக்குத்தான தள்ளும்? அது கம்மி."

"அப்போ பாக் சொன்னது தப்புங்கிறியா?"

"நான் எங்கே தப்புன்னேன்? தண்ணி இறங்கும்னுதான் சொன்னேன்."

பின்வரிசையில் ஒருவன் சிரித்தான். இன்னொருவன் எதுவுமே மாறாது என்று எழுந்தான். பெரியவரே தவறிவிட்ட இடத்தில் தாங்கள் தவறுவதில் என்ன வெட்கம் என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. கரும்பலகைக்கு வந்து என் கையிலிருந்த சுண்ணாம்புக்கட்டியைக்கூட வாங்கிக்கொண்டார்கள். நடுவில் பாகஸ் என் பக்கம் திரும்பி, "பாக், படகும் சேந்து முங்கிட்டா என்ன ஆகும்?" என்று கேட்டான். என்னிடம்தான் கேட்டான் என்பதை உறுதிசெய்துகொள்ள ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தேன். அங்கே சுவர்தான் இருந்தது.

முதல்வர் வராந்தாவில் போகும்போது எங்கள் இருவரையும் பார்த்தார். "நல்லது, நல்லது" என்று தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று நானும் வெனிங்கும் கலந்து பேசினோம். வகுப்பு யாருடையது என்று இருவருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்காதவரை இருவருமே போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். வியாழனன்று அடுத்த வகுப்பில் நான் எதில் தவறுவது என்பது மட்டும் இன்னும் தீர்மானமாகவில்லை.

ஆகவே லாயே, முதல்வரை அழைக்க வேண்டாம். இதை நான் மரியாதைக்காகச் சொல்லவில்லை. இது உண்மையான வேண்டாம்.